அறுபது ரூபாய் வரிசை

மதுரையில் நாங்கள் குடியிருந்த வளவில் யார் சினிமாவுக்குப் போய்விட்டு வந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு கேள்வி வந்து விழும்: "என்னப்பா, காசுக்குத் தகுமா?" கதை, பாட்டு, நடிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். கேட்டவர்கள் யாரும் கஞ்சர்கள் இல்லை. பெரும்பாலும் மில் வேலைக்காரர்களின் குடும்பங்கள். என் அப்பாவும் ஹார்வி மில்லில்தான் வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒரு படம் என்பது அரிசி, எண்ணெய், பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு அடுத்தபடியாக எங்கள் வீட்டுக் கணக்கில் இடம்பிடித்திருந்த செலவு. அந்தச் செலவுக்குப் பதிலாக என்ன கிடைத்தது என்று நிறுத்துப் பார்ப்பது வளவு முழுக்க இருந்த வழக்கம். சென்னைக்கு வந்து எத்தனையோ வருஷமான பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. பத்துத் திரை, பதினோரு திரை கொண்ட பெரிய மல்டிபிளெக்ஸுக்குள் நுழைந்தாலும் மனசு அந்தக் கணக்கைத்தான் போடுகிறது.

எங்களுக்குப் பெரிய தியேட்டர் என்றால் அது தங்கம்தான். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர் அது. 2,500 பேருக்கு மேல் ஒரே கூடத்தில் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே மார்தட்டும். படம் விட்டு வெளியே வருகிற கூட்டத்தில் அப்பாவின் சட்டை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பேன். வீதி முழுக்கத் தலைகளாக இருக்கும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே காட்சிக்குச் சிரித்திருக்கிறோம் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

அந்தக் கூடத்துக்குள் பல விலைகள் இருந்தன. முன்னால் உட்கார்கிறவருக்கு ஒரு விலை, நடுவில் இருப்பவருக்கு ஒன்று, பால்கனிக்கு ஒன்று. மில்லில் சுமை தூக்குகிறவரும் ஜவுளிக்கடை முதலாளியும் வேறு வேறு கவுண்டரில் வரிசை நின்று, வேறு வேறு வாசல் வழியாக நுழைந்தாலும், பார்த்தது ஒரே திரையைத்தான். நாங்கள் போவது நடுத்தரமான டிக்கெட்டுக்கு. போனஸ் வந்த மாதம் மட்டும் பால்கனி. கையில் காசு இறுகிப் போன மாதத்தில் அப்பா தனியாகப் போய் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, ராத்திரி சாப்பிடும்போது கதையை எங்களுக்குச் சொல்லுவார். காசு குறைந்ததற்காகப் படத்தை விட்டுவிட வேண்டியிருக்கவில்லை. உட்காரும் இடம்தான் மாறியது. பெரிய தியேட்டரின் உண்மையான வசதி என்று நான் இன்றும் நினைப்பது அதைத்தான்.

மதுரையில் இன்னொரு தியேட்டரையும் சொல்ல வேண்டும். சிந்தாமணி. 1937-இல் வந்த 'சிந்தாமணி' படத்தில் கிடைத்த லாபத்தைக் கொண்டே கட்டிய தியேட்டர் அது. ஜனங்கள் கொடுத்த டிக்கெட் காசு ஊருக்கே ஒரு கட்டடமாகத் திரும்பி வந்தது என்று அப்பா சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருக்கும். பிற்காலத்தில் தங்கமும் மூடியது. இடித்துவிட்டு அங்கே ஜவுளிக்கடை எழுப்பினார்கள். 2,500 பேரை ஒரே ஆட்டத்துக்கு வரவழைக்கிற காலம் முடிந்து, வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. பெரிய கூடங்களுக்கு அந்த நெருக்கடியிலிருந்து மீள வழி கிடைக்கவில்லை.

நான் சென்னைக்கு வேலைக்கு வந்தபோது அண்ணா சாலையில் இருந்த சபையர் தியேட்டர் மூடியிருந்தது. அதைப் பற்றி எங்கள் ஆபீஸில் இருந்த மூத்தவர் ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருப்பேன். 1964-இல் கட்டியது. சபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்கள். மல்டிபிளெக்ஸ் என்ற சொல் நம் காதில் விழுவதற்கு வெகு காலம் முன்பே அந்த ஏற்பாடு சென்னையில் இருந்தது. அதிலும் புளூ டைமண்டில் படம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், விட்ட இடத்தை அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம், விருப்பம் இருந்தால் உட்கார்ந்தே இருக்கலாம். "வெயில் காலத்துல ஒரு டிக்கெட்ட எடுத்துட்டு உள்ள போனா சாயங்காலம்தான்யா வெளிய வருவோம். படமும் ஆச்சு, ஏசியும் ஆச்சு" என்பார் அவர். காசுக்குத் தகுமா என்ற எங்கள் வளவுக் கேள்விக்கு அதைவிட நல்ல பதிலை நான் கேட்டதில்லை.

1970-இல் வந்த தேவி வளாகமும், 1974-இல் ராயப்பேட்டையில் தொடங்கிய சத்யம் வளாகமும் நான் பார்த்துப் பழகிய இடங்கள். தேவி பாரடைஸில் படிக்கட்டு ஏறாமல் சுற்றிச் சுற்றிச் சாய்தளத்திலேயே மேலே நடந்து போகலாம். சத்யத்தில் திரையும் ஒலியும் அவ்வளவு சுத்தமாக இருக்கும். அதோடு முன்வரிசைக்குப் பத்து ரூபாய் டிக்கெட் என்று ஒன்று இருந்தது. கல்லூரிப் பையன்கள் அதற்காகவே காலையில் வந்து கவுண்டர் வாசலில் நிற்பார்கள். நானும் மாசக் கடைசியில் அவர்களோடு நின்றிருக்கிறேன். பின்னால் 120 ரூபாய் கொடுத்து உட்கார்ந்தவருக்குக் கிடைத்த அதே குளிர்ச்சி, அதே ஒலி, பத்து ரூபாய்க்கு.

பிறகு மால்கள் எழுந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாயாஜால், மயிலாப்பூரில் ஐநாக்ஸ், எக்ஸ்பிரஸ் அவென்யூவில் எஸ்கேப், வேளச்சேரியில் லக்ஸ், வடபழனியில் பலாஸோ என்று ஊரைச் சுற்றித் திரைகள் பெருகின. 2018-இல் சத்யத்தை நடத்திய எஸ்பிஐ சினிமாஸை பிவிஆர் வாங்கியது. ஒரு பெரிய கூடம் இருந்த இடத்தில் பல சிறிய கூடங்கள் வந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. பெரிய நடிகரின் படம் வந்தால் எல்லாத் திரையிலும் அதையே ஓட்டலாம். கால் மணிக்கு ஒரு காட்சி என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். கூட்டம் குறைந்தால் நூறு பேர் உட்காரும் திரைக்கு மாற்றிக்கொண்டு படத்தை இன்னும் இரண்டு வாரம் காப்பாற்றலாம். 2,500 பேர் கூடத்தில் இருநூறு பேர் உட்கார்ந்தால் கரண்ட் பில்லுக்கே கட்டாது. பெரிய கூடங்கள் செத்ததும் மல்டிபிளெக்ஸ் பிழைத்ததும் இந்தக் கணக்கினால்தான்.

பெரிய மல்டிபிளெக்ஸை நான் முழுசாக நிறுத்துப் பார்த்தது 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்கு அம்மாவை அழைத்துப் போனபோது. 2022 செப்டம்பர் 30-ஆம் தேதி படம் வந்தது. அப்பா காலமான பிறகு அம்மா எங்களோடு சென்னையில் இருக்கிறார். முழங்கால் வலி வந்ததிலிருந்து தியேட்டர் பக்கம் போவதை நிறுத்திவிட்டிருந்தார். ஆனால் இது கல்கியின் கதை. அம்மா கன்னிப்பெண்ணாக இருந்தபோது, பத்திரிகையில் வந்த தொடரைக் கிழித்துச் சேர்த்து யாரோ பைண்டு பண்ணி வைத்திருந்த கட்டுகளை வீடு வீடாக இரவல் வாங்கிப் படித்தவர். "எம்ஜிஆர் எடுக்கப் போறார்னு சொன்னாக. அப்பயிருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். அதற்குமேல் அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. நானும் மனைவியும் பிள்ளைகள் இருவரும் அம்மாவுமாக ஐந்து பேர், ஒரு மாலில் இருந்த மல்டிபிளெக்ஸுக்குக் கிளம்பினோம்.

டிக்கெட் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 190 ரூபாயை ஒட்டி வந்தது. அடிப்படை விலை 150. அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், உள்ளாட்சிக் கேளிக்கை வரி 8 சதவீதம். இந்த 150 என்பது தியேட்டர்காரர் மனம்போல் வைத்த விலை இல்லை. தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு உச்ச விலையை அரசு நிர்ணயிக்கிறது. மல்டிபிளெக்ஸில் நீண்ட காலம் அது 120 ரூபாயாக இருந்தது. 2017 அக்டோபரில்தான் 150 ஆக உயர்ந்தது. அந்த ஆண்டு ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீத வரி. போதாததற்கு 30 சதவீத உள்ளாட்சி வரியும் வரப்போவதாகச் சொன்னதும் மாநிலம் முழுக்கத் தியேட்டர்களை இழுத்து மூடினார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு அந்த 30 சதவீதம் நின்றது. 2019 ஜனவரியில் ஜிஎஸ்டியும் 18 ஆகக் குறைந்தது. டெல்லியிலும் மும்பையிலும் புதுப்படத்துக்கு வார இறுதியில் 400, 500 ரூபாய் கொடுக்கிற என் உறவினர்கள், எங்கள் டிக்கெட் விலையைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். ஐந்து பேருக்கு ஆயிரத்துக்குள் டிக்கெட் என்பது இன்றைய சென்னையில் நியாயமான விலை. அதை மனசாரச் சொல்கிறேன்.

அந்த விலைக்கு என்ன கிடைத்தது என்பதை அம்மாவின் கண்ணால் பார்த்தபோதுதான் எனக்குப் பல விஷயங்கள் விளங்கின. கார் நிறுத்தும் தளத்திலிருந்தே லிஃப்ட். தியேட்டர் வாசல்வரை ஒரு படிகூட ஏற வேண்டியிருக்கவில்லை. உள்ளேயும் எங்கள் வரிசை நுழைவாயிலின் மட்டத்திலேயே இருந்தது. பதிவு செய்யும்போதே அதைப் பார்த்து என் மகள் எடுத்திருந்தாள். இருக்கையில் முதுகு நன்றாகச் சாய்ந்தது. அம்மா கால்களை நீட்டிக்கொள்ள இடம் இருந்தது. படம் தொடங்குமுன் என் மனைவி அவரைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய் வந்தாள். திரும்பி வந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"மதுரையில படத்துக்குப் போற அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல நாங்க தண்ணியே குடிக்க மாட்டோம், தெரியுமாத்தா?" என்று என் மகளிடம் சொன்னார்.

"ஏன் அப்பத்தா?"

"தியேட்டர்ல பொம்பளைக எங்க போறது? மூக்கப் பொத்திக்கிட்டுக்கூட உள்ள போக முடியாது. மூணு மணி நேரம் அடக்கிக்கிட்டு உக்காந்திருப்போம். இது எவ்வளவு சுத்தமா இருக்கு. இதுக்கே காசு குடுக்கலாம்."

அப்பாவோடு அத்தனை படம் பார்த்தவன் நான். பக்கத்து இருக்கையில் அம்மா தாகத்தோடு உட்கார்ந்திருந்தது எனக்கு அதுவரை தெரியாது. சுத்தமான கழிப்பறை, படியில்லாத பாதை, பீடிப் புகை இல்லாத காற்று, யாரும் இடிக்காத நடைவழி: இவையெல்லாம் டிக்கெட்டில் அச்சாகாத சரக்குகள். பெண்களும் முதியவர்களும் இவற்றுக்குத்தான் முதலில் விலை போடுகிறார்கள். பழைய தியேட்டர்களின் அருமையைப் பேசுகிற ஆண்கள் இதை மறந்துவிடக் கூடாது.

படத்தைப் பற்றி அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. போர்க்களத்தில் தொடங்கியதும் என் காதருகே குனிந்து, "வீரநாராயண ஏரிக்கரையிலல்ல ஆரம்பிக்கணும்? ஆடிப்பெருக்கு எங்கடா?" என்றார். பிறகு பேசவே இல்லை. கடலில் புயல் அடிக்கும் காட்சியில் கப்பல் மரம் முறிகிற ஓசை எங்கள் தலைக்கு மேலேயிருந்து கிளம்பிப் பின்சுவர்வரை போனது. அம்மா கழுத்தை உயர்த்தி மேலே பார்த்தார். ரவிவர்மனின் ஒளிப்பதிவில் நந்தினி பல்லக்குத் திரையை விலக்கிப் பார்க்கும்போது, அவள் நகைகளில் பட்ட வெளிச்சத்தைக்கூடத் தனியாகப் பார்க்க முடிந்தது. வீட்டில் எவ்வளவு பெரிய டிவி வாங்கி மாட்டினாலும் இது வராது. ஒலிக்கும் ஒளிக்கும் உழைத்தவர்களின் வேலை முழுசாக நம்மிடம் வந்து சேருகிற இடம் தியேட்டர் மட்டும்தான். 190 ரூபாயில் பெரும்பகுதி அதற்கே ஈடாகிவிட்டது.

கணக்கு கெட்டது டிக்கெட்டுக்கு வெளியே.

முதல் செலவு பதிவுக் கட்டணம். இணையத்தில் டிக்கெட் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் முப்பது ரூபாய்க்குமேல் தனியாகப் பிடிக்கிறார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே முறைதான் விரலால் தட்டினோம்; கட்டணம் ஐந்து முறை போனது. அந்தத் தொகை கிட்டத்தட்ட இன்னொரு டிக்கெட்டின் விலை. அடுத்தது வண்டி நிறுத்தும் கட்டணம், மணிக் கணக்கில். விளம்பரங்களும் முன்னோட்டங்களும் ஓடி முடிந்து படம் தொடங்க ஆகிற நேரத்துக்கும், இடைவேளைக்கும்கூட அந்த மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

அதற்கடுத்து வாசல் சோதனை. அம்மா தன் துணிப்பையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வைத்திருந்தார். பாதுகாப்புப் பணியில் இருந்த பெண் அதைத் திறந்து பார்த்தார். அவருக்கும் நாற்பது வயது இருக்கும்.

"வெளிச் சாப்பாடு உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா."

"ஏம்மா, நான் சீனி வியாதிக்காரி. பசிச்சா கிறுகிறுன்னு வரும். இதுல பொட்டுக்கடலையும் ரெண்டு பிஸ்கட்டும்தான் இருக்கு."

"புரியுதும்மா. உள்ள விட்டா என்னதான் கேப்பாங்க. டப்பா இங்கியே இருக்கட்டும், டோக்கன் தரேன், போகும்போது வாங்கிக்கோங்க. மாத்திரைய மட்டும் கையில வச்சுக்கோங்கம்மா."

அந்தப் பெண்ணின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தன் அதிகாரத்துக்கு உட்பட்ட கருணையை அவர் காட்டினார். விதியை எழுதியவர்கள் வயதான ஒரு மனுஷியை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். சில மாதங்களில், 2023 ஜனவரி 3-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொன்னது. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு. ஆனால் நல்ல குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுவருவதைத் தடுக்கக் கூடாது. குழந்தைக்குக் காட்டிய அந்த இரக்கத்தைச் சர்க்கரை நோயாளிக்கும் தியேட்டர்கள் தாமாகவே நீட்டினால் யாருக்கும் நஷ்டம் வராது. ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையால் எந்த மல்டிபிளெக்ஸும் திவாலாகாது.

இடைவேளையில் பிள்ளைகள் பாப்கார்ன், சமோசா, குளிர்பானம் என்று வாங்கி வந்தார்கள். அம்மாவுக்கு ஒரு கப் வேகவைத்த சோளம். எல்லாம் சேர்த்து ஐந்து பேரின் டிக்கெட் விலையைத் தாண்டிவிட்டது. வாளி அளவுக்கு இருந்த பாப்கார்ன் எவ்வளவு என்று அம்மா கேட்டார். சொன்னேன்.

"சீட்டுக் காச விடச் சோளப்பொரி கூடவாடா?"

அதற்குப் பதில் இருக்கிறது. டிக்கெட்டில் வரி போக மிஞ்சுகிற காசைத் தியேட்டர் விநியோகஸ்தரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். படம் புதிதாக இருக்கிற முதல் வாரத்தில் தியேட்டரின் பங்கு குறைவாகவே இருக்கும். பாப்கார்னில் யாருக்கும் பங்கு இல்லை. டிக்கெட்டுக்கு உச்ச விலை உண்டு, பாப்கார்னுக்கு இல்லை. டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. தியேட்டரில் தனியாக விற்கும் உணவுக்கு ஹோட்டல் உணவு மாதிரியே 5 சதவீதம்தான் என்று 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவாக்கியது. மாலுக்குக் கட்டும் வாடகை, குளிர்சாதனத்துக்கான மின்கட்டணம், சம்பளம் எல்லாவற்றையும் தியேட்டர்காரர் எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். கட்டுப்பாடு இல்லாத இடத்தில் எடுக்கிறார். காரணம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் காரணம் இருப்பதாலேயே அந்த விலை நியாயமாகிவிடாது. பிள்ளைகளோடு வருகிற அப்பன் இடைவேளையில் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது என்பதை அறிந்து வைத்த விலை அது.

தண்ணீருக்கும் அன்று அலைய வேண்டியிருந்தது. விற்பனைக்கான பாட்டில்கள் வரிசையாகக் கண் முன்னால் இருந்தன. இலவசக் குடிநீர் எங்கே என்று ஊழியரிடம் கேட்டபோது, கழிப்பறைக்குப் போகும் வழியில் மூலையைக் காட்டினார். அங்கே இயந்திரம் இருந்தது. தண்ணீரும் சுத்தமாக இருந்தது. அதைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கலாம்.

வீடு திரும்பும்போது செலவைக் கூட்டினேன். மொத்தத்தில் பாதிக்கும் குறைவுதான் படத்துக்குப் போயிருந்தது. மீதி முழுக்கப் படத்தைச் சுற்றியிருந்தவற்றுக்கு. அம்மாவிடம், "காசுக்குத் தகுமாம்மா?" என்று கேட்டேன். "படத்துக்குத் தகும். பொரிக்குத் தகாது" என்றார். பெரிய மல்டிபிளெக்ஸ் பற்றி இதைவிடச் சரியான மதிப்பீட்டை நான் எங்கும் படித்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டோம். காலைக் காட்சிக்குப் போகிறோம். வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம், அல்லது படம் விட்டதும் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிடுகிறோம். முதல் வாரக் கூட்டம் வடிந்த பிறகு நேரில் கவுண்டரிலேயே டிக்கெட் எடுக்கிறோம். மெட்ரோவில் போக முடிகிற தியேட்டராகப் பார்க்கிறோம். எந்தப் படத்துக்குப் பெரிய திரை தேவை என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறோம். இப்படிப் போனால் ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு பாதியாகிவிடுகிறது. குறைகிற பாதியில் சினிமாவின் காசு ஒரு பைசாகூட இல்லை.

கவுண்டரில் டிக்கெட் எடுக்கப் போனதில்தான் முன்வரிசையை மறுபடியும் கண்டேன். பழைய பத்து ரூபாய் டிக்கெட்டின் வாரிசு அது. 2017-இல் உச்ச விலை உயர்ந்தபோது மல்டிபிளெக்ஸின் குறைந்தபட்ச விலை 50 ரூபாய் ஆனது; வரியோடு அறுபதை ஒட்டி வந்தது. 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் வந்திருந்த 2023 மே மாதத்தில், ஒரு வேலை நாள் காலையில் அந்த டிக்கெட்டைக் கேட்டு வாங்கினேன். முழுத் திரையரங்குக்கும் ஒரே ஒரு வரிசை. திரைக்கு வெகு அருகில். ஆதித்த கரிகாலனின் முகத்தை இடமிருந்து வலமாகத் தலையைத் திருப்பித்தான் பார்க்க முடிந்தது. தங்கத்தில் முன்னால் உட்கார்ந்தவருக்கும் திரைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும். சின்னக் கூடத்தில் அது இல்லை. கழுத்து வலித்தது.

என் பக்கத்தில் இரண்டு இளைஞர்கள். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மத்தியான ஆர்டர் தொடங்குவதற்குள் படம் பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார்கள். சீருடைக்கு மேல் வேறு சட்டை போட்டிருந்தார்கள். இடைவேளையில் பேச்சுக் கொடுத்தேன்.

"இந்த ரேட்டு இருக்கறதாலதான் சார் இந்த மால்குள்ளயே வர்றோம்" என்றார் ஒருவர். "ஆப்ல இந்த ரோ எப்பவும் காட்டாது. நேர்ல வந்து கேட்டாதான். சில நாள் அதுவும் இல்லைன்னுடுவாங்க. ஆனா சவுண்டு பாத்தீங்களா? நம்ம ஏரியா தியேட்டர்ல இப்படிக் கேக்காது சார்."

அவர்கள் தின்பதற்கு எதுவும் வாங்கவில்லை. மூலையில் இருந்த இயந்திரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். மாலின் கண்ணாடிக் கதவுகளைத் தாண்டி அவர்கள் உள்ளே வர, அந்த ஒரு வரிசை வழி திறந்து வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால், பத்துப் பதினோரு திரை இருந்தும் அந்தக் கட்டடம் ஊரின் ஒரு பாதிக்கு மட்டுமே சொந்தமானதாகிவிடும். பால்கனியிலிருந்து முன்வரிசைவரை எல்லாரையும் உட்கார வைத்துத்தான் தமிழ் சினிமா வளர்ந்தது. முன்வரிசையில் உட்கார்ந்தவர்களின் விசிலில்தான் நட்சத்திரங்கள் பிறந்தார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. நூறுக்கு மேல் இருந்தால் பழைய 18 சதவீதம்தான். அறுபது ரூபாய் டிக்கெட்டைக் கூடுதலாக விற்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. வேலை நாள் காலைக் காட்சிகளில் பாதிக் கூடம் காலியாகவே ஓடுகிறது. அந்தக் காலி இருக்கைகளுக்கும் சேர்த்துத்தான் ஏசி ஓடுகிறது, ஒலி முழங்குகிறது. அவற்றைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் தியேட்டருக்கும் வரவு, படம் எடுத்தவருக்கும் வரவு.

என் கணக்கை இப்படி முடிக்கிறேன். பெரிய மல்டிபிளெக்ஸ் கொடுக்கிற படமும் ஒலியும் இருக்கையும் சுத்தமும் அரசு வைத்த டிக்கெட் விலைக்குத் தகும். அந்த உச்ச விலையை எந்தக் காரணத்துக்காகவும் அரசு விட்டுக்கொடுக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் ஆளுக்கு ஒன்று என்பது போய்ப் பதிவுக்கு ஒன்று என்று ஆக வேண்டும். இலவசக் குடிநீர் உணவுக் கவுண்டருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நோயாளிகளின் டப்பா உள்ளே போக வேண்டும். குறைந்த விலை வரிசை இணையத்திலும் தெரிய வேண்டும். வேலை நாள்களின் காலைக் காட்சிகளிலாவது அது திரைக்குக் கீழே முடங்கிக் கிடக்காமல், கழுத்து வலிக்காமல் பார்க்கிற தூரத்துக்கு நகர வேண்டும். ஒரு வரிசை போதாது. கூடத்துக்கு நான்கு வரிசையாவது வேண்டும்.